நிரம்பிய காலிக் குழாய்

வியாழக்கிழமை, காலை 9.10.

பலூத்தா ஊர் மருந்தகத்தின் வாசலில் நின்று லஸ்ஹர் தன் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'மலத்தில் ரத்தம் இல்லை.' மறுபடியும் படித்தார். சுற்றி நின்றவர்கள் தங்கள் சீட்டுகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தபடி மலைச்சரிவில் இறங்கிப் போனார்கள். லஸ்ஹர் நகரவில்லை. ஏனென்றால் மலம் எடுத்துத் தரச் சொன்ன சோதனைக் குழாயில் அவர் எதையும் போடவே இல்லை. பதினைந்து நாளுக்கு முன் கொடுத்ததை, மூடியைக்கூடத் திருகாமல் திருப்பிக் கொடுத்திருந்தார்.

முப்பத்தொரு வருஷம் காட்டுக் காவலர். காணாமல் போன மரம், காணாமல் போன மாடு என்று எத்தனையோ துப்புத் துலக்கியவர். கொடுக்காத பொருள் போய்ச் சேர்ந்த விவகாரம் அவருக்கு இதுதான் முதல்.

இன்னொன்றும் இருந்தது. அது அவருக்கும் கக்கூஸ் சுவருக்கும் மட்டுமே தெரியும். மூன்று மாதமாக அவருக்கு ரத்தம் போகிறது. மூலம் என்று தனக்குத் தானே சொல்லி வந்தார். சீட்டை நம்பி வீட்டுக்குப் போய்விடு என்றுதான் மனசு சொன்னது. ஆனால் முத்திரை குத்திய எந்தக் காகிதத்தையும் லஸ்ஹர் தன் வாழ்நாளில் நம்பியதில்லை.

உள்ளே போனார்.

9.20.

"மகளே, எங்க ஊர்க் குழாயெல்லாம் எங்க?"

டாக்டர் உல்ஃபா நிமிர்ந்து பார்த்தார். "சோதனை முடிஞ்சு நகரத்துலேர்ந்து திரும்பி வந்து குளிர்ப்பெட்டியில இருக்கு. நாளைக்கு எரிக்கணும். ஏன், ஞாபகத்துக்கு ஒண்ணு வேணுமா?"

"காட்டு."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவருக்கும் ஒரு முள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. நோட்டைத் திருப்பி வைத்தார்.

"ஆறு வருஷமா இந்தச் சோதனை நடக்குது. கீழ் ஊர் ரிஹானாவுல குடல் புற்று வந்தவங்க பதினேழு பேர். பதினாலு பேர் இன்னிக்கும் அத்திப்பழம் பறிக்கிறாங்க. உங்க ஊர்ல பதினொரு பேர். நாலு பேர்தான் மிச்சம். சோதனை வர்றதுக்கு முன்னாடி ரெண்டு ஊர்க்காரங்களும் ஒரே மாதிரிதான் செத்தாங்க."

"தண்ணி?"

"ஒரே ஊத்து."

"ஆஸ்பத்திரி?"

"ஒரே ஆஸ்பத்திரி, ஒரே கத்தி. ரிஹானாவுல ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு குழாய்ல ரத்தம் தெரியுது. பலூத்தாவுல ஒண்ணுலகூட இல்ல. சுத்தமான ஊராம், அடுத்த தடவை உங்க குழாயை வேற ஊருக்குக் கொடுக்கச் சொல்லி மேலேர்ந்து கடுதாசி வந்திருக்கு."

"சுத்தமான ஊரு எதுக்கு மகளே சாகுது?"

டாக்டர் குளிர்ப்பெட்டியைத் திறந்தார்.

லஸ்ஹர் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரிஹானாவின் குழாய்கள் மஞ்சள், பழுப்பு, பச்சை என்று சந்தைக்கடை மாதிரி இருந்தன. பலூத்தாவின் நாற்பத்தொன்றில் மூன்று மட்டும் பழுப்பு. அந்த மூன்றும் கிழவிகளின் பெயரில். மீதி முப்பத்தெட்டும் ஒரே கறுப்பு. லஸ்ஹரின் பெயர் ஒட்டியிருந்ததும் கறுப்புதான்.

காட்டில் விட்டையைப் பார்த்தே எத்தனை பன்றி, என்ன தின்றது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிப் பழகிய கண் அது.

"இது முப்பத்தெட்டுப் பேர் இல்ல" என்றார். "ஒரே உருப்படி."

10.30.

ஷத்லி ரிஹானாக்காரன். குழாய்ப் பெட்டியை நகரத்துக்கு வண்டியில் கொண்டுபோகிறவன். தேநீர்க் கடையில் மூன்றாவது கிளாஸில் இருந்தான்.

"என்ன காவலரே, உங்க ஊரே சுத்தமாமே. வயித்துக்குள்ள சோப்பு போட்டுக் கழுவுறீங்களா?"

"பெட்டி உன் கைக்கு எப்படி வருது?"

"டேப் ஒட்டி."

"யார் ஒட்டுறது?"

"உங்க தம்பி மக ஜாஸியாதான். குழாயைக் கொடுக்கிறதும் அவதான், திருப்பி வாங்குறதும் அவதான்."

"வழியில திறந்தியா?"

"திறந்து பாக்க அதுல என்ன பேரீச்சம்பழமா இருக்கு?" ஷத்லி நாலாவது கிளாஸுக்குக் கை காட்டினான்.

லஸ்ஹர் எழுந்தார். நிரப்பியவருக்கு எது காலி, எது காலியில்லை என்று தெரிந்திருக்கிறது. கிழவிகளின் மூன்று குழாயையும் தொடவில்லை. டேப் ஒட்டிய பெட்டிக்கு வெளியே இருந்தவனால் அது முடியாது.

11.15.

ஜாஸியா கரியடுப்பில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நாலாவது பிள்ளை வயிற்றில், ஐந்து மாதம். பெரியப்பாவுக்குப் புதினா போட்டு ஊற்றிக் கொடுத்தாள். தனக்கு ஒரு ஆரஞ்சைப் பிழிந்துகொண்டாள்.

"உனக்கு ஊத்தலையா?"

"வேணாம் பெரியப்பா. இது போதும்."

"குழாயை எத்தனை பேர் காலியாக் கொடுத்தாங்க?"

"நான் என்னத்தக் கண்டேன்? மூடியைத் திறந்து மோந்து பாக்கிறதா என் வேலை?"

"சரிதான்."

"உங்க சீட்டு நல்லபடியா வந்துச்சுல்ல? அப்புறம் என்ன கவலை? குடிங்க, ஆறிடும்."

குடித்தார். வழக்கம்போல் நன்றாக இருந்தது.

பகல் 1.50.

மருந்தகத்துக்குத் திரும்பி வந்து கேட்டார். "மனுஷன் விட்டை எதனால கறுக்கும்?"

"வயித்துல ரத்தம் கசிஞ்சா கறுக்கும். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும்."

"சீக்காளியா இருந்தா முப்பத்தெட்டுக் குழாயை நிரப்ப எங்க தெம்பு வரும்? இரும்புதான். யாருக்குக் கொடுக்கிற?"

"உங்க ஊர்ல ஆறு பேருக்கு. பேரைச் சொல்ல மாட்டேன்."

"பேரு வேணாம். எப்படிச் சாப்பிடணும்னு மட்டும் சொல்லு."

"ஆரஞ்சுச் சாறோட சாப்பிட்டா நல்லது. தேநீர்தான் ஆகாது. இரும்பைத் தின்னுடும்."

லஸ்ஹர் நாற்காலியில் சாய்ந்தார். இந்த மலையில் தேநீரை வேண்டாம் என்று சொல்கிற மனுஷரை அவர் இதுவரை பார்த்ததில்லை. இன்று காலையில் பார்த்திருக்கிறார்.

மாலை 4.00.

இந்தத் தடவை தேநீரை அவரே ஊற்றினார். கிளாஸை ஜாஸியாவின் முன்னால் நகர்த்தினார்.

"குடி."

அவள் கிளாஸைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். கை நீளவில்லை.

"மாத்திரைக்கு ஆகாது. அதானே? முப்பத்தெட்டுக் குழாயும் உன்னோடது."

அடுப்புக் கரி வெடித்தது. ஜாஸியா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத தடவையே முக்கால்வாசி காலியாத்தான் வந்துச்சு. இந்த அசிங்கத்தைப் பொம்பள கையில கொடுப்பானா மனுஷன்னு கேட்டாங்க. பாதிக்கு மேல காலின்னா நர்ஸ் வாராவாரம் வர்றது நின்னுடும்னு மேலேர்ந்து சொல்லியிருந்தாங்க. என் மூணாவதுக்கு அப்ப மூச்சு இழுப்பு. வேற என்ன செய்வேன்? எனக்கு ஒரு சீக்கும் இல்ல, யாருக்கு என்ன கெட்டுப்போகும்னு நினைச்சேன்."

"கெட்டுத்தான் போச்சு. ரிஹானாக்காரன், கட்டி கொண்டைக்கடலை அளவுல இருக்கும்போதே கத்திக்குப் போறான். நம்ம ஆளு நல்ல சீட்டைப் பையில வெச்சுக்கிட்டு, அது முஷ்டி அளவு ஆனப்புறம் போறான். அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணியும் இல்ல, சாபமும் இல்ல."

அவள் அழுதாள். லஸ்ஹர் தடுக்கவில்லை. அழ வேண்டிய விஷயம்தான். அழுது முடித்ததும் சொன்னார்.

"காலியாக் கொடுத்தது நாங்க. குத்தவாளி முப்பத்தெட்டுப் பேர். நீ முப்பத்தொம்பதாவது. டாக்டர்கிட்ட நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம்."

"நீங்க எதுக்கு வரணும்?"

"எனக்கு மூணு மாசமா ரத்தம் போகுது."

அந்த வாக்கியத்தை அவர் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை, பகல் 2.00.

தொழுகை முடிந்து தேநீர்க் கடை நிறைந்திருந்தது. லஸ்ஹர் நடுவில் நின்றார்.

"உங்க சீட்டெல்லாம் பொய். டாக்டர் புதுக் குழாய் தருவாங்க. நிரப்பாதவன் இப்பவே கையைத் தூக்கு, குழியை நானே வெட்டித் தர்றேன். மண்வெட்டி இருக்கு."

"அதுக்காக ஜாஸியா கையில கொடுக்கச் சொல்றியா?" என்று ஒரு குரல் கேட்டது.

"வேணாம். யார் கையிலயும் வேணாம்."

தக்கைப்பட்டையில் ஒரு பெட்டி அடித்து, மேலே ஒரு துளை போட்டு, மருந்தகத்தின் பின்சுவரில் மாட்டியிருந்தார். ஓட்டுப்பெட்டி மாதிரி. அந்த வாரம் முழுக்க பலூத்தாவின் ஆண்கள் மேலங்கிக்குள் திருட்டுக் கோழியை ஒளித்தவர்களைப் போல அந்தப் பின்சுவர்ப் பக்கம் போய் வந்தார்கள். நாற்பத்தொரு குழாயும் நாற்பத்தொரு நிறம். நான்கில் ரத்தம். அதில் ஒன்று லஸ்ஹருடையது.

அத்திப்பழக் காலம், காலை 10.00.

ஜாஸியாவின் மடியில் ஆறு வாரப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் இன்னும் வாராவாரம் வருகிறாள். லஸ்ஹரின் வயிற்றில் ஒரு விரல் நீளத் தழும்பு. உள்ளே இருந்தது கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான், வேறெங்கும் பரவவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதையும் அவர் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்பினார்.

ஷத்லி வாசலில் வண்டியை நிறுத்தினான். "என்ன காவலரே, ரிஹானாக்காரன் மாதிரி உயிரோட உக்காந்திருக்கீங்க?"

"உங்க ஊரு வழக்கம் ஒட்டிக்கிச்சு. வா, உக்காரு."

ஜாஸியா மூன்று கிளாஸில் தேநீர் ஊற்றினாள். லஸ்ஹர் எண்ணிப் பார்த்தார்.

"மாத்திரை?"

"போன வாரத்தோட முடிஞ்சுது பெரியப்பா" என்று சொல்லி, முதல் கிளாஸைத் தானே எடுத்துக் குடித்தாள்.