ஒப்பீட்டு ஊரில் ஒரு பிணம்!

டெலிபோன் அலறியது!

ஸ்டேஷனை அப்போதுதான் பெருக்கி முடித்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் முதல் வாய்க் காபியை உறிஞ்சக் குனிந்திருந்தாள். காபி ஆறப்போகிறது என்று ரிசீவரைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷனா?" நாகரிகமான ஆண் குரல். "நான் வறுமை ஆராய்ச்சி நிறுவனத்தோட தலைவர் பேசறேன். எங்க ஸ்டாஃப் ஒரு பொண்ணு... கிணத்தடியில செத்துக் கிடக்கா. கொன்னவனையும் பிடிச்சு வச்சிருக்கோம். நீங்க வந்து கூட்டிட்டுப் போனா போதும்."

"அப்ப தீர்ப்பு மட்டும்தான் பாக்கியா சார்?"

ரிசீவரை வைத்தாள்.

அவளுக்கு ஸ்டேஷனில் 'கடுகு' என்று பட்டப்பெயர். ஆள் குள்ளம்... பொரிய ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்க முடியாது! தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே கான்ஸ்டபிள், அவளுடைய காபியை ஒரே மடக்கில் முடித்துவிட்டு ஓடி வந்தான்.

*

தகரக் கூரை வீடுகள். புழுதி. ஊர் நடுவே ஒரு கிணறு.

கிணற்றுச் சுவரை ஒட்டி அவள் கிடந்தாள்.

முப்பது வயதிருக்கும். தலையின் பின்பக்கம் பிளந்திருந்தது. ஈக்கள் மொய்த்தன. சற்றுத் தள்ளி, காலிக் குடங்களோடு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

கட்டப்பட்ட கைகளோடு நிறுவனத்தின் ஜீப் டிரைவர் மண்ணில் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க ரத்தம்!

"பார்த்தீங்களா மேடம்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வெள்ளைச் சட்டை. மூக்கில் சென்ட் போட்ட கைக்குட்டை. போனில் பேசிய நிறுவனத் தலைவர். எல்லோரும் அவரை புரொபசர் என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் பிணத்தின் அருகே குந்தினாள். இறந்தவளின் வலது கையைத் தூக்கினாள். விரல்களை முகர்ந்தாள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்!

மலக்குழி நாற்றம். நகக்கண் வரை கறுப்பாக அப்பியிருந்தது.

"கைல என்ன இப்படி நாறுது?"

"சாக்கடையில வழுக்கி விழுந்திருப்பா" என்றார் புரொபசர் சட்டென்று.

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தாள். சாக்கடையா? இந்த ஊரிலா? வீட்டுக்குக் கழிப்பறையே இல்லை... எல்லோரும் செம்பைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போகிறவர்கள். இந்த நாற்றம் மூடி போட்ட செப்டிக் டாங்கில் வருஷக்கணக்கில் ஊறினால்தான் வரும். அப்படி ஒரு டாங்க் கட்டிக்கொள்ளும் வசதி இங்கே எவனுக்கு இருக்கிறது?

எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"இங்க உங்களுக்கு என்ன வேலை சார்?"

"ஆராய்ச்சி! ரெண்டு ஊரை எடுத்துக்கிட்டோம் மேடம். ஒரே மாதிரி ஏழ்மை. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஊருக்கு வடிகட்டின தண்ணி குடுத்தோம். இந்த ஊருக்குக் குடுக்கல."

"ஏன்?"

"குடுத்தா எதோட ஒப்பிடறது? இது ஒப்பீட்டு ஊர். இங்க எதுவும் பண்ணக் கூடாது. சும்மா அளந்து பார்க்கணும்."

"எதை?"

"குழந்தைங்களோட எடை, உயரம், வயித்துப்போக்கு..."

"எத்தனை குழந்தைங்க செத்துச்சுன்னு?"

"அதுவும்தான்" என்றார் அவர், மழையளவு சொல்வது போல.

இன்ஸ்பெக்டருக்கு நாக்கு கசந்தது. பிணங்களைப் பார்த்துப் பழகியவள் அவள். இந்த மாதிரி சுத்தமான சட்டைகளைப் பார்த்துத்தான் இன்னும் பழகவில்லை.

"ஆனா இப்ப பாருங்க..." புரொபசர் கைக்குட்டையை மடித்தார். "ஒரு வருஷமா இந்த ஊர்க் குழந்தைங்களும் நல்லா இருக்கு. போன மாசம் இந்தத் தண்ணிய எங்க லேப்ல சோதிச்சோம். சுத்தம்! ஜனங்களுக்குத் தானா விழிப்புணர்வு வந்துடுச்சு."

"சந்தோஷமான விஷயம்தானே?"

"ரொம்ப சந்தோஷம்" என்றார், பல்வலிக்காரன் முகத்தோடு.

குடத்தோடு நின்ற ஒருத்தி முன்னால் வந்தாள். "அம்மா... நாங்க எப்பம்மா தண்ணி எடுக்கறது? வேற கிணறு இல்ல. வீட்ல புள்ளைங்க தாகத்துல கிடக்குதுங்க."

"பாவம் மேடம், எடுக்க விடுங்க!" புரொபசர் குறுக்கே பாய்ந்தார். "பிணம் வெளியதானே கிடக்கு? கிணத்துல என்ன இருக்கு? ஏழைங்களைத் தண்டிக்காதீங்க!"

அடேயப்பா! எத்தனை கருணை!

"டாக்டர் வந்து பார்க்கற வரைக்கும் ஒரு வாளி இறங்கக் கூடாது." இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம் திரும்பினாள். "ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்லேருந்து ஒரு டாங்கர் தண்ணி வரவழைய்யா. இவங்களுக்குக் குடு."

"ஐயையோ... வேண்டாம்!"

புரொபசர் அலறியே விட்டார்!

"அந்தத் தண்ணி இங்க வரக் கூடாது மேடம்! அடுத்த வாரம் கடைசி அளவெடுப்பு. இப்பப் போய்க் குடுத்தா ஆராய்ச்சியே கெட்டுடும்!"

காலடியில் அவரிடம் வேலை பார்த்தவள் செத்துக் கிடந்தாள். அதற்கு இந்த மனுஷன் ஒரு தடவைகூட அலறவில்லை.

"கெடட்டும்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

*

டிரைவரை ஜீப்பின் நிழலுக்குக் கூட்டிப் போனாள்.

"சொல்லுடா. ஏன் கொன்னே?"

"நான் கொல்லல மேடம்! அவங்க எனக்கு அக்கா மாதிரி!" அவன் தேம்பினான். "நான் இந்த ஊர்க்காரன். என் பொண்ணு இந்தத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு எலும்பும் தோலுமா கிடந்தா. அக்காவால பார்க்க முடியல. 'அளந்து அளந்து என் கையே நாறுதுடா தம்பி'ன்னு அழுவாங்க. அப்புறம் சொந்தக் காசுல ப்ளீச்சிங் பவுடர் வாங்கி, வாரா வாரம் யாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கிணத்துல போட ஆரம்பிச்சாங்க."

"ஓஹோ... விழிப்புணர்வு தானா வரலையா!"

"வெளிய தெரிஞ்சா வேலை போயிடும் மேடம். என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. நான் வாளி இறைச்சுக் குடுப்பேன். இன்னிக்குக் கொஞ்சம் லேட்டா வந்தேன்... வந்து பார்த்தா..." சட்டையைக் குனிந்து பார்த்தான். "தூக்கி மடியில போட்டுக்கிட்டேன். அக்கா... அக்கான்னு கூப்பிட்டேன். அந்த ரத்தம்தான் மேடம் இது."

"பவுடர் பை எங்க?"

"காணோம் மேடம்!"

"புரொபசருக்கு இது தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா விட்டிருப்பாரா?"

இன்ஸ்பெக்டரின் செல்போன் அடித்தது. மேலதிகாரி!

"என்னம்மா இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கே? சாயங்காலம் வெளிநாட்டுலேருந்து நிதி குடுக்கறவங்க வர்றாங்க. புரொபசர் பெரிய இடம். அதுக்குள்ள டிரைவர் மேல கேஸைப் போட்டு முடி!"

"அவன் பண்ணலன்னா சார்?"

"சட்டையில ரத்தம் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? புரொபசர் காரைத் தொட்டே, வீட்டைத் தொட்டேன்னு எதாவது கேள்விப்பட்டேன்... உன் தொப்பி இருக்காது!"

வைத்துவிட்டார்.

டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் வெளுத்துவிட்டது. "நான் உள்ள போயிட்டா என் பொண்ணை யார் மேடம் பார்ப்பா? அவளுக்கு அம்மா இல்ல..."

இன்ஸ்பெக்டர் தூரத்தில் நின்ற புரொபசரின் காரை நோட்டம் விட்டாள். கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன. இந்தப் புழுதியில் எந்தப் பைத்தியக்காரன் கண்ணாடியை இறக்கி வைப்பான்?

*

நிறுவனத்தில் புரொபசரின் அறை. சுவர் முழுக்க விருதுகள். ஏழைக் குழந்தைகளின் படங்கள். கால் புதையும் கம்பளம். மூலையில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ்.

"வாக்குமூலத்துல கையெழுத்துப் போடுங்க சார். இவனைக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

டிரைவர் ஓரமாகத் தலைகுனிந்து நின்றான். புரொபசரின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"புத்திசாலி மேடம் நீங்க!"

"வெயில் மண்டையைப் பிளக்குது. முதல்ல தண்ணி குடிங்க."

கான்ஸ்டபிள் ஒரு தட்டில் இரண்டு டம்ளர்களைக் கொண்டு வந்தான். ஒன்று புரொபசருக்கு. ஒன்று டிரைவருக்கு.

புரொபசர் மடமடவென்று குடித்தார். டிரைவரும் கட்டிய கைகளாலேயே டம்ளரைப் பிடித்துக் குடித்தான்.

"எப்படி சார் இருக்கு?"

"ஜில்லுனு இருக்கு. ஏன்?"

"உங்க ஒப்பீட்டு ஊர்க் கிணத்துத் தண்ணி சார். பானையில ஊத்தி ஆற வச்சுக் கொண்டு வரச் சொன்னேன். நீங்கதான் சுத்தம்னு சர்டிபிகேட் குடுத்தீங்களே!"

டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

டிரைவர் தன் டம்ளரையே பார்த்தான். கண்கள் நிரம்பின. "அக்கா கடைசியா சுத்தம் பண்ணின தண்ணி..." அடியில் மிச்சமிருந்த சொட்டையும் வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

புரொபசர்?

குப்பைக் கூடையின் முன் மண்டியிட்டு, தொண்டையில் இரண்டு விரல்களை விட்டுக்கொண்டிருந்தார்!

"உவ்வே... டாக்டர்! டாக்டரைக் கூப்பிடுங்க! வயித்தைக் கழுவணும்! அதுல செப்டிக் டாங்க்..."

சட்டென்று நிறுத்தினார்.

மேலே சொல்ல முடியாமல் மண்டியிட்டபடியே விழித்தார். முகவாயில் எச்சில் நூலாகத் தொங்கியது.

"செப்டிக் டாங்க்...? முடிங்க சார்!" இன்ஸ்பெக்டர் அவர் முன்னால் குந்தினாள். "அந்த ஊர்ல செப்டிக் டாங்கே கிடையாதே! இந்த ஏரியாவுலயே உங்க கட்டடத்துல மட்டும்தானே இருக்கு? அது எப்படி சார் அந்தக் கிணத்துக்குள்ள போச்சு?"

"நான்... நான் சும்மா ஒரு சந்தேகத்துல..."

"காலைல பொம்பளைங்களை எடுத்துக் குடிக்கச் சொன்னப்ப இந்தச் சந்தேகம் எங்க போச்சு?"

இன்ஸ்பெக்டர் டிரைவர் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்க சொல்லிக் குடுத்த முறைதான் சார். ரெண்டு பேர். ஒரே தண்ணி. ஒரே பொய். ஒருத்தன் கண் கலங்கறான்... ஒருத்தன் வாந்தி எடுக்கறான். இவன் என்னோட ஒப்பீட்டு ஆள்!"

"பொ... பொய்யா?"

"பின்ன? உங்களை மாதிரி தெரிஞ்சே குடுக்க எனக்கு மனசு வராது. நீங்க குடிச்சது, நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே உங்க ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்து வச்ச பாட்டில் தண்ணி!"

புரொபசர் கம்பளத்தில் சரிந்தார்.

"கார் சாவி" என்றாள். வாய் தவறிச் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதும்... இனி எந்த மேலதிகாரி தடுப்பார்?

டிக்கியைத் திறந்ததும் கான்ஸ்டபிள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். நாறும் பிளாஸ்டிக் கேன்கள். பாதி காலியான ப்ளீச்சிங் பவுடர் பை. துணியில் சுற்றிய ஜாக்கிக் கம்பி... அதில் காய்ந்த ரத்தமும் முடியும்!

"அவ பவுடர் போடறதைப் போன வாரம்தான் கண்டுபிடிச்சேன்." புரொபசர் முனகினார். "என் உழைப்பு எல்லாம் போச்சு! ரெண்டு ஊருக்கும் வித்தியாசமே இல்லன்னு ஆயிடுச்சு. அதான் பழைய நிலைமைக்குக் கொண்டு வரப் பார்த்தேன். கேனைக் கவிழ்க்கும்போது வந்துட்டா. கேனைப் பிடுங்கினா... கத்தினா..."

"குழந்தைங்க குடிக்கற தண்ணிடா அது!"

"சாகணும்னு நான் நினைக்கல மேடம்! கொஞ்சம் எடை குறைஞ்சா போதும்... அளவெடுத்து முடிச்சதும் மருந்து குடுத்திருப்போம்!"

இன்ஸ்பெக்டர் அவனை அருவருப்போடு பார்த்தாள். ஆமாம், அவனைத்தான். இந்தக் கதையில் அவனுக்கு இதுவரை கொடுத்த மரியாதையே ஜாஸ்தி! கொலைகாரர்கள் கோபத்தில் வெட்டுவார்கள். குடிபோதையில் குத்துவார்கள். ஒரு ஊரின் பிள்ளைகளுக்கு அளவு பார்த்து நோய் கொடுக்க நினைத்தவனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். அடிக்கக் கை ஓங்கினாள். அவனைத் தொட்டால் கழுவ வேண்டுமே என்று இறக்கிக்கொண்டாள்.

டிரைவரின் கட்டை அவிழ்த்துவிட்டாள்.

"நீ வீட்டுக்குப் போப்பா. பொண்ணு தனியா இருக்கும். கிணத்தை இறைச்சுச் சுத்தம் பண்ற வரைக்கும் யாரும் குடிக்கக் கூடாதுன்னு ஊர் பூரா சொல்லு. டாங்கர் தினமும் வரும்... நான் பார்த்துக்கறேன்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். திரும்பி ஊரைப் பார்க்க ஓடினான்.

போலீஸ் ஜீப் கிளம்பியது. பின் சீட்டில், விலங்கு மாட்டிய கைகளோடு புரொபசர். வெள்ளைச் சட்டை முழுக்க வாந்தி. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம்... குடிக்கத் தண்ணி..."

கான்ஸ்டபிள் பவ்யமாகத் திரும்பினான்.

"தாராளமா சார்! எந்த ஊர்த் தண்ணி வேணும்?"