நாற்பத்தேழாம் பக்கத்து மோட்டார்

சிங்காநல்லூர் கிளை நூலகம் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். ஏழரைக்கெல்லாம் வரிசை பஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிடும். எல்லோரும் வேலை போனவர்கள். முன்பெல்லாம் வேலை போனால் வேலை மட்டும்தான் போகுமாம். எங்கள் காலத்தில் தெரிந்த தொழிலும் சேர்ந்தே போய்விடுகிறது.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தர்ஷிணி. பத்தொன்பது வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். சேர்ந்த அன்றே காதுக்குப் பின்னால் ஒரு சில்லைப் பொருத்தினார்கள். அதற்கு இரவல்திறன் என்று பெயர். மறுநாளே என் கைகள் பழகிய கைகளைப் போலச் செம்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தன. 2083இல் தொழில் மந்தம் வந்தது. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய கம்பெனி, சில்லுகளைக் கழற்றி வைத்துக்கொண்டது. வாசலுக்கு வந்து என் கைகளைப் பார்த்தேன். ஒரு முடிச்சுகூட நினைவில் இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உழைத்தது நான், கற்றுக்கொண்டது சில்லு!

நூலகத்துக்கு நான் மழைக்கு ஒதுங்கக்கூடப் போனதில்லை. வேறு போக்கிடம் இல்லாமல்தான் போனேன். நூலகர் மிதுன் என் வயதுக்காரர், வாய் ஓயாதவர்.

"என்னங்க வேணும்?"

"காயில் கட்டப் படிக்கோணுங்க. எம்பட தொழிலுதான். மறந்துபோச்சு."

"மறக்கலீங்க, புடுங்கிட்டாங்க. பதினோராவது அலமாரியில மோட்டார் புத்தகம் இருக்கு, எடுத்துக்குங்க. நாப்பத்தேழாம் பக்கத்துல மட்டும் கொஞ்சம் சூதானமா இருங்க."

அட்டை கிழிந்த காகிதப் புத்தகம். நாற்பத்தேழாம் பக்கத்தில் காயில் கட்டும் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்துக் கட்டினால் மோட்டார் பின்பக்கமாகச் சுழலும். ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "கட்டி முடித்ததும் மூன்று கம்பி முனைகளில் இரண்டை மாற்றிப் போடவும்." அதன்கீழே வேறு வேறு கையெழுத்தில், "ஆமாம்", "நானும் மாட்டிக்கொண்டேன்", "ஐயோ, உண்மைதான்". எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எல்லோரும் படத்தில் உள்ளபடியே கட்டி, கடைசியில் முனை மாற்றுவதுதான் எங்கள் நூலகத்து வழக்கம்.

நூலகத்தின் பின்கூடத்தில் ஊரார் கொடுத்த பழுதான மோட்டார்கள் கிடந்தன. அவற்றை ஏழு மாதம் பிரித்தேன், சுற்றினேன், விரலைக் கிழித்துக்கொண்டேன், மறுபடியும் பிரித்தேன். முதல் மோட்டார் சீராக ஓடிய அன்று சந்தோஷத்தில் மிதுனின் மேசையையே தட்டி ஆடிவிட்டேன். அமைதி காக்கவும் என்ற பலகை கீழே விழுந்தது. அவரும் சேர்ந்து கை தட்டினார்.

தெருவில் நாலு பம்புகளைச் சரிசெய்திருப்பேன். அதற்குள் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அவர்களுடைய திறனைக் களவாகப் படியெடுத்து, எந்தக் கருவிக்கும் அகப்படாத மறைசில்லில் வைத்திருக்கிறேனாம். நூலகம் அதற்கு உடந்தையாம். குற்றம் உறுதியானால் எனக்குப் பத்து வருடம் கைத்தடை. மணிக்கட்டில் பட்டை மாட்டிவிடுவார்கள். அதன்பிறகு எந்தக் கருவியைத் தொட்டாலும் விரல்கள் மரத்துப்போகும். நூலகத்துக்கும் பூட்டுதான்.

விசாரணை நூலகக் கூடத்திலேயே நடந்தது. தொழில் நடுவர் சஞ்சனா காயில் இல்லாத ஒரு வெற்று மோட்டாரைக் காட்டினார். "புத்தகத்தப் பாக்காம கட்டிக் காட்டுங்க." கம்பெனியின் திறன்மீட்பு அதிகாரி பிரணவ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் முழுக்க எங்கள் வரிசைக்காரர்களின் முகங்கள்.

மூன்று மணி நேரம் நிமிரவில்லை. உள்ளங்கை வியர்த்துக் கம்பி வழுக்கியது. ஒருவழியாக முடித்து, மின்சாரம் கொடுத்து, சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஜம்மென்று சுழன்றது. பின்பக்கமாக!

முனை மாற்ற மறந்துவிட்டேன். தலையில் கை வைத்துக்கொண்டேன். ஜன்னலில் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "நாப்பத்தேழாம் பக்கம்!"

பிரணவ் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா மேடம், இந்தம்மாவுக்குத் தொழிலே தெரியல!"

"அப்ப உங்க திறன் இவங்ககிட்ட இல்லேங்கறீங்களா?" மிதுன் சட்டென்று கேட்டார்.

நடுவர் புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார், பென்சில் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பிரணவிடம் திரும்பினார்.

"உங்க சில்லு வச்சுக் கட்டின மோட்டார் ஒண்ணாவது இப்படிப் பின்னால சுத்தியிருக்கா?"

"எங்க சில்லு தப்பே பண்ணாதுங்க மேடம்," என்றார் பிரணவ், பெருமையாக. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

நடுவர் என்னைப் பார்த்தார். "இந்தத் தப்பு நூலகத்துல கத்துக்கிட்டது. அப்ப இந்தத் தொழிலும் இங்க கத்துக்கிட்டதுதான். வழக்கு தள்ளுபடி. மோட்டார சரி பண்ணுங்கம்மா."

இரண்டு முனைகளை மாற்றினேன். மோட்டார் நேராகச் சுழன்றது. கூடமே அதிர்ந்தது. யாரோ என்னைத் தூக்கிச் சுற்றினார்கள்.

ஆரவாரத்துக்கு நடுவில், நடுவர் தன் காதுக்குப் பின்னால் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பதைக் கவனித்தேன். சட்டத் துறையிலும் ஆட்குறைப்பு என்று செய்தி வந்திருந்த நேரம். மிதுனிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சட்டப் புத்தகம் எந்த அலமாரியில இருக்குங்க?"

"நாலாவதுங்க மேடம். ஏழரைக்கே வந்துருங்க, வரிசை பெருசு."

நாற்பத்தேழாம் பக்கத்தில் சரியான படத்தை ஒட்டிவிடலாமா என்று மறுநாள் மிதுன் கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கூடாதென்று சண்டைக்குப் போனார்கள். நான் பென்சிலை வாங்கி, எல்லா வரிகளுக்கும் கீழே எழுதினேன்: "நானும் மறந்தேன். அதனால்தான் என் கை தப்பித்தது."