மூன்றாவது வரி இருமல்

ஞாயிறு ஆராதனையில் எப்போதும் பாடும் முதல் பாட்டின் மூன்றாவது வரி வந்தால் போதும், சில்வண்டின் அப்பாவுக்கு இருமல் வந்துவிடும். முதல் இரண்டு வரிகளைக் கூரை அதிரப் பாடுவார். மூன்றாவது வரியில் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். நான்காவது வரிக்கு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்துவிடுவார்.

அவர் மட்டுமல்ல. அந்த ஒரு வரிக்குப் பாதிச் சபையும் வாயை மூடிக்கொள்ளும்.

முன்னால் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கும் சில்வண்டுக்கு இதன் காரணம் நன்றாகத் தெரியும். அதாவது, தெரியும் என்று அவளுக்கு நினைப்பு. 'நான் வாசிக்கறதக் கேக்கத்தான் எல்லாரும் நிறுத்துறாங்க.' அதனால் அந்த வரியில் கொஞ்சம் அழுத்தியே வாசிப்பாள்.

அவளுக்குப் பதினொரு வயது. எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பதால் சில்வண்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முன்பு ஆலயத்தில் கிட்டார் வாசித்த ஓர் அண்ணன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். அதனால் அந்தப் பொறுப்பு இவளுக்கு வந்தது. அவளுக்குத் தெரிந்த ஸ்கேல் இரண்டே இரண்டு, சி-யும் ஜி-யும். அந்தப் பாட்டை ஜி-யில் வாசிப்பாள்.

ஆலயத்துக் கிட்டாருக்கு வயதாகிவிட்டது. கழுத்து வளைந்து, கம்பிகள் பலகையை விட்டு உயரத் தூக்கி நின்றன. "புதுசு வாங்கிடலாம். வாசிக்கப் போறவளே பாத்து எடுக்கட்டும்" என்று போதகர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை அத்தையோடு இசைக்கருவிக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. அத்தைதான் பாடகர் குழுவை நடத்துகிறவர்.

சில்வண்டுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் நீலக் கிட்டார்மேல் அவளுக்கு ஏற்கெனவே ஒரு கண்.

வெள்ளிக்கிழமை மாலை அறையில் உட்கார்ந்து ஆலயத்துப் பழைய கிட்டாரில் ஸ்கேல் பழகிக்கொண்டிருந்தாள். அப்பா பேருந்து ஓட்டுநர். மறுநாள் வேலைக்காகப் பின்கட்டில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே அதே பாட்டைப் பாடினார். முதல் வரி போனது. இரண்டாவது போனது. மூன்றாவது வரியும் முழுசாக, கணீரென்று வந்தது.

சில்வண்டு கிட்டாரை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"அப்பா, இருமல் வரலையா?"

"இல்லையே. ஏன்?"

"அந்த வரிக்கு எப்பவும் வருமே."

அப்பா மாட்டிக்கொண்டவர் போல முழித்தார். பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அது இருமலே இல்லம்மா. சர்ச்ல அந்த எடத்துல பாட்டு ரொம்ப மேல போயிடுது. என் தொண்டைக்கு எட்டல. இழுத்துப் பாடுனா கீச்சுன்னு வருது. இருமிட்டா யாருக்கும் தெரியாதுல்ல?"

"மத்தவங்களுக்கும் எட்டலையா?"

"பக்கத்துல ஒக்கார்ற டீச்சர் அந்த நேரம் பாத்துக் கண்ணாடியத் தொடைப்பாங்க."

"ஏன்ப்பா என்கிட்டச் சொல்லல?"

"நீ அவ்ளோ ஆசையா வாசிக்கற. எப்படிச் சொல்றது?"

சில்வண்டுக்கு முகம் சுட்டது. கிட்டாரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து இன்னும் அழுத்தி வாசித்தோமே என்று வெட்கமாக இருந்தது. அழுகையும் எட்டிப் பார்த்தது. ஆனால் அழுதால் பாட்டு கீழே இறங்கிவிடாது.

"இன்னொரு தரம் பாடுங்கப்பா" என்று கிட்டாரை எடுத்து வந்தாள்.

அப்பா பாடி முடித்த கடைசி ஸ்வரத்தைக் கம்பியில் தேடிப் பிடித்தாள். எஃப். அவள் வாசிக்கும் ஜி-க்கு, கிட்டார் கழுத்தில் இரண்டு கட்டம் கீழே. எஃப் ஸ்கேல் அவளுக்குத் தெரியாது. அதில் வரும் விரல் பிடிகளைப் போட்டுப் பார்த்தாள். விரல்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன.

யோசித்துக்கொண்டே மறுபடி சி ஸ்கேலை வாசித்தாள். ஸ்கேல் என்பது மாடிப்படி மாதிரிதான். எந்தப் படியில் நின்று தொடங்கினாலும் ஏறுகிற விதம் ஒன்றுதான். அப்படியென்றால் சி-யையே எஃப்-க்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன? கம்பியில் எண்ணிப் பார்த்தாள். சரியாக ஐந்து கட்டம்.

பையில் கேப்போ இருந்தது. எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கிளிப் அது. ஐந்தாவது கட்டத்தில் அதை மாட்டி, தெரிந்த சி பிடியை வாசித்தாள். புளித்த தயிரைக் குடித்தது போல அப்பாவின் முகம் கோணியது.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னாள்.

"ஒன் கணக்கு சரிதான். கிட்டார்தான் சரியில்ல" என்றார் அத்தை. "கம்பி அவ்ளோ தூக்கி நின்னா, கேப்போ அழுத்துனதும் சுருதி விலகிடும். எனக்கு அந்த வரி எட்டிடுது, அதான் மத்தவங்களுக்கு எட்டலன்னு நான் கவனிக்கவே இல்ல பாரு."

கடைக்காரர் நீலக் கிட்டாரை எடுத்து மடமடவென்று ஒரு ஸ்கேல் வாசித்துக் காட்டினார். தேனாக இருந்தது. சில்வண்டு வாங்கி மடியில் வைத்தாள். கண்ணாடி போலப் பளபளத்த பலகையில் அவள் முகமே தெரிந்தது.

"அஞ்சாவது கட்டத்துல கேப்போ போட்டுப் பாக்கலாமா அங்கிள்?"

"தாராளமா."

போட்டாள். வாசித்தாள். வெள்ளிக்கிழமை அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் சுருதி லேசாகப் பிசகியது. அத்தை உதட்டைப் பிதுக்கினார்.

கடைக்காரர் குனிந்து கம்பிகளைப் பார்த்தார். "கொஞ்சம் உயரமா இருக்கு. எறக்கிக் குடுத்துடலாம். ரெண்டு வாரம் ஆகும், பரவால்லையா?"

இரண்டு வாரம் பொறுத்தால் நீலக் கிட்டார் அவளுக்குத்தான். சில்வண்டு அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். இரண்டு வாரமும் அப்பா கைக்குட்டையை எடுப்பார். டீச்சர் கண்ணாடி தேய்ந்தே போகும்.

"நாளைக்கே வாசிக்கற மாதிரி வேற இருக்கா?"

"இருக்கு. ஆனா பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும்."

உண்மைதான். பழைய நாற்காலி நிறத்தில் பழுப்பாக ஒன்றைக் கொண்டு வந்தார். கேப்போ மாட்டி வாசித்தாள். ஒவ்வொரு கம்பியும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. நின்றுகொண்டு வாசித்தாள், உட்கார்ந்து வாசித்தாள். பிறகு அத்தையைப் பாடச் சொல்லி வாசித்தாள்.

"இதுதான்" என்றாள். வெளியே வரும்போது நீலத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்ததில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரி முடியும்போது அப்பா பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

மூன்றாவது வரி வந்தது. அப்பா வாய் திறந்தார். குரல் போய் எட்டியது. அவருக்கே ஆச்சரியம். கைக்குட்டை கையிலேயே இருக்க, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். டீச்சர் கண்ணாடியை மாட்ட மறந்து பாடினார். பின்வரிசையில் எப்போதும் சும்மா நிற்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன.

ஆராதனை முடிந்ததும் அத்தை சில்வண்டின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "புதுக் கிட்டார் வாங்கி என்னடி புண்ணியம்? மூணாவது வரியில நீ வாசிச்சது யாருக்குமே கேக்கல."

"ஆமா அத்தை" என்றாள் சில்வண்டு, வாயெல்லாம் பல்லாக. "எனக்கே கேக்கல."