உதறும் கால்

கூடத்து டைல்ஸ் தரையில் சேறும் இல்லை, சகதியும் இல்லை. ஆனாலும் பாண்டியராஜனின் வலது கால் நாலடிக்கு ஒருமுறை நின்று, பாதத்தில் அப்பியதைத் தள்ளுவதுபோல ஒரு உதறு உதறியது. கையைப் பிடித்து அவரை நடத்திக்கொண்டிருந்த மனைவி யோகலட்சுமி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அப்படி உதறி நடந்தவர் வேறு ஒருவர். அவருடைய படம் மாலையோடு சுவரில் தொங்கியது.

பக்கவாதத்தில் அந்தக் கால் மரக்கட்டையாகிப் போனபோது, கோவில்பட்டியில் புதிதாகத் திறந்த சிகிச்சை மையத்துக்குத்தான் அவள் ஓடினாள். உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சைத் தலையில் வைத்துக் கட்டி, மூளைக்கு லேசாகக் கரண்டு கொடுப்பார்கள். அதே நேரத்தில் ஆளை வாரில் தொங்கவிட்டு நிறுத்துவார்கள்; மிஷினின் இரும்புக் கால்கள் அவர் கால்களைப் பிடித்து நடத்தும். மூளை பழைய நடையைத் திரும்பப் படித்துக்கொள்ளுமாம்.

"அண்ணாச்சி முன்ன நடந்த வீடியோ இருந்தா கொண்டாங்கக்கா, அந்த நடையத்தான் மிஷின்ல ஏத்தணும்" என்றான் அங்கே வேலை பார்க்கும் செல்வகணேஷ்.

வீட்டு விசேஷம் அத்தனையும் படம் பிடித்தவரே பாண்டியராஜன்தான். அவர் நடப்பது ஒன்றில்கூட இல்லை. தேடித் தேடி, அவருடைய அண்ணன் குருசாமி மழை வெறித்த பிறகு பின்பக்கத்துப் புஞ்சையில் முதுகு காட்டி நடந்துபோகும் வீடியோவைக் கணவருடையது என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். கூடப் பிறந்தவர்கள்தானே, நடையில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? கரிசல் மண் காலில் அப்பிக்கொள்ள, வலது காலை உதறி உதறி நடந்தார் குருசாமி. அந்த வருசமே அதே வழியில் போய்ப் புஞ்சைக் கிணற்றில் விழுந்தார். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது உண்மையைச் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களே! செத்த கால் உயிர் பெற்று வருகிற நேரம். பாழாய்ப்போன ஆசை அவள் வாயைக் கட்டியது.

"அண்ணன் மாதிரியா நடக்கேன்?" என்று ஒருநாள் அவரே கேட்டார்.

"அதெல்லாம் இல்லங்க" என்றாள்.

ஐப்பசி மழை பிடித்து ஓய்ந்த சாயங்காலம். கொல்லைக் கதவு வழியே நனைந்த கரிசலின் வாடையும் தவளைச் சத்தமும் அடுக்களைவரை வந்தன. அதற்கு நடுவே கூடத்தில் தரையோடு பாதம் தேயும் ஒலி. சரக். சரக். ஒரு உதறல். யாரும் பிடிக்காமலே நடக்கிறார்! நெஞ்சு குளிர ஓடி வந்தாள்.

அவர் அழுதுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் கொல்லைக் கதவின் நிலையை இறுகப் பற்றியிருந்தன. கால்கள் மட்டும் வெளியே நடக்கப் பார்த்தன.

"யோகா, புடிட்டி. நான் நடக்கல."

இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இழுபட்டாள். நிலையிலிருந்து விரல்கள் நழுவின. படி. சேறு. வழுக்கி விழுந்தாள். வேட்டி முனை மட்டும் கையில் கிழிந்து வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தபடியே போனார். முகம் வீட்டுப் பக்கம். கால் கிணற்றுப் பக்கம்.

அவருக்கு முன்னால் யாருமில்லை. ஆனால் ஈரக் கரிசலில் புதுக் காலடித் தடங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே போயின. அவர் பாதம் ஒவ்வொரு குழிக்குள்ளும் அளவாகப் போய் விழுந்தது. நாலடிக்கு ஒருமுறை, முன்னால், ஆளில்லாத இடத்திலிருந்து சேறு தெறித்தது.