இரும்புக்கும் காலுக்கும் நடுவே

இது விலங்கு இல்லை. விலங்குக்கும் காலுக்கும் நடுவில் வைக்கிற தோல். கடிக்காமல் இருப்பதற்கு. செருப்புக்குள் லைனிங் வைத்துத் தைப்பதில்லையா, அந்த மாதிரி. இதில் என்ன பாவம்?

சைமாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த நேரத்திலிருந்து, எதிரில் யாரோ நின்று விசாரிப்பதைப் போல, அவள் மனசு இந்தப் பதிலைத் திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டே இருந்தது. மழை பிடித்து நாளாகியிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் சாமை வயலும் அதன் கரையில் நிற்கும் புளியமரங்களும் மூட்டத்தில் கரைந்துபோக, சாயங்கால வெளிச்சம் அழுக்குத் துணி அலசிய தண்ணீரைப் போல வீட்டுக்குள் வழிந்துகொண்டிருந்தது. பின்பக்கத்திலிருந்து அவள் புருஷன் ஃபுர்கான் நடந்து வரும் சத்தம் கேட்டது. அவள் மெஷினை நிறுத்தினாள்.

ஃபுர்கான் எட்டிப்போட்டு நடக்கிற ஆள். வாணியம்பாடி பஜாரில் அவரோடு சேர்ந்து போனால் சைமா பின்னால் ஓடத்தான் வேண்டும். "இன்னாங்க, ரயிலப் புடிக்கவா போறீங்க?" என்று எத்தனையோ தடவை மூச்சு வாங்கக் கேட்டிருக்கிறாள். இப்போது கேட்ட நடை அவருடையதில்லை. சின்னதாக ஓர் அடி. அப்புறம் ஒரு நிறுத்தம், பின்னால் இழுபட்டு வருகிற எதுவோ வந்து சேரட்டும் என்று காத்திருப்பதுபோல. பிறகு இன்னோர் அடி.

"கால்ல இன்னாங்க?"

"கால்லயா?" அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். "ஒண்ணுமில்லியே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. தரை வழுக்குதோன்னு நெனச்சேன்."

அவர்கள் மலைக்கு வந்தது மகளுக்காக. தூபாவுக்கு ஆறு வயசு. வாணியம்பாடியின் தோல் பதனிடும் டேனரிக் காற்று ஒத்துக்கொள்ளாமல், இழுத்து இழுத்து மூச்சு விட்டு, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கிய பிள்ளை. இடம் மாற்றிப் பாருங்கள் என்றார் டாக்டர். ஜமுனாமரத்தூருக்குப் போகும் மலைரோட்டின் ஒரு வளைவில் இந்த வீடு வாடகைக்குக் கிடைத்தது. ஃபுர்கான் கீழே போய்த் தோல் வாங்கி வருவார். ஷூ கம்பெனியில் பழகிய கையால் சைமா கிடைத்த ஆர்டரையெல்லாம் தைத்துக் கொடுப்பாள். தூபாவின் மூச்சு சீரானது. ஓட ஆரம்பித்தாள். பலாமரத்தைச் சுற்றி, கோழிகளை விரட்டிக்கொண்டு, காரணமே இல்லாமல் ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக சைமா எதை வேண்டுமானாலும் தைக்கத் தயாராக இருந்தாள்.

இந்த ஆர்டர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஏஜென்ட் மூலம் வந்தது. அங்கே கடலோரத்தில் ஒரு பழைய ஜெயில். இப்போது டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கிற இடம். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ரொட்டி திருடினவனை, கைக்குட்டை திருடினவனையெல்லாம் கப்பலில் ஏற்றிப் பூமியின் அந்தக் கோடியில் கொண்டுபோய் இறக்கினார்களாம். அங்கேயும் தப்பு செய்தால் காலில் இரும்பு வளையம் அடித்து, நடுவில் சங்கிலி கோத்து, கல் உடைத்து ரோடு போட விட்டார்களாம். தண்டனை முடிந்தும் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பவே இல்லையாம். இப்போது வருகிறவர்களுக்கு அந்த வளையத்தை மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்க ஆசை. அவர்கள் காலைக் கடிக்கக் கூடாது. அதற்குத்தான் தோல் பட்டை. மாதிரிக்கு நிஜமான பழைய பட்டை ஒன்றையே அனுப்பியிருந்தார்கள்.

கவரைப் பிரித்ததும் கூடத்தில் ஒரு வாடை பரவியது. தோல் வாடை சைமாவுக்குப் புதிதில்லை, அதிலேயே பிறந்து வளர்ந்தவள். இது வேறு. உப்பு, துரு, காய்ந்த கொழுப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் பல நாள் கழுவாத காலின் புளிப்பு. உள்பக்கத்தில் கணுக்கால் எலும்பு அழுந்தி அழுந்தி உண்டான பள்ளம் கறுத்துப் பளபளத்தது. ஓர் ஓரத்தில் நூல் அறுந்திருக்கிறது. போட்டிருந்தவன் தானே அதைத் தைத்துக்கொண்டிருக்கிறான். நூலுக்குப் பதிலாகத் தலைமுடி. செம்பட்டை முடி. நீளம் போதாமல் முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டு.

சாம்பிளைப் பிரிக்காமல் அளவு எடுக்க முடியாது. கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொண்டது அது. சைமா பிளேடால் தையலைப் பிரித்தாள். முடி ஒவ்வொன்றாகத் தெறித்தது. கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது, வெகுகாலம் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவதைப் போல, பட்டை அவள் கையில் மெல்லத் தளர்ந்தது. அதை அட்டையில் வைத்து வரைந்தாள். தோலை வெட்டினாள். தைத்தாள்.

ஃபுர்கானின் நடை மாறியது அதற்கு மறுநாள்.

கைத்தையலுக்கு ஒத்தாசையாகப் பக்கத்து மேலூரிலிருந்து ஆனந்தி என்ற பெண் வருவாள். அன்றைக்கும் வாசற்படியில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தவள், ஃபுர்கான் வாசலைக் கடந்து போனதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, அண்ணனுக்கு இன்னா ஆச்சி? பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு காப்பித் தட்டு எடுத்தாற மாதிரி நடக்கறாரு!"

சைமாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஆனந்தியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கழுத்தைத் திருப்பி அவர் போன திசையையே பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரு ஆந்திரா ஜெயில்லேந்து வந்தப்ப இப்டிதாங்க்கா," என்றாள். "கையில வெலங்கு இல்ல. ஆனா சோறு துன்றப்பகூட ரெண்டு கையும் சேத்தே வெச்சிக்குவாரு. நான் புடிச்சிப் பிரிச்சி வுடுவேன். திரும்பவும் சேந்துக்கும்."

அவள் புருஷன், கூலிக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போனவர்களோடு எல்லை தாண்டிப் போனவன். ஒரு தடவை பிடிபட்டு, ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். கடனுக்காக மறுபடி போனவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கீழ் வளைவிலிருந்து கல்லில் சுத்தியல் படும் சத்தம் வந்தது. டிக். டிக். அவசரமில்லாமல்.

"இந்த மழையிலயும் ரோடு வேல பாக்கறாங்க பாரு."

"மழ ஆரம்பிச்சதுமே வண்டியெல்லாம் எறக்கினு போய்ட்டாங்களேக்கா. இந்தக் காலத்துல எவன் சுத்தில கல்லு ஒடைக்கறான்?" ஆனந்தி நூல்கண்டைக் கீழே வைத்தாள். "அப்ப, உங்களுக்கும் கேக்குதா?"

சைமா தலையாட்டினாள். ஆனந்தி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

மறுநாள் முழுக்க வெயிலே தெரியவில்லை. மத்தியானம் ஃபுர்கான் உள்ளே வந்தார். ஓர் அடி. நிறுத்தம். ஓர் அடி.

"ஏஜென்ட் பேசினாரு. சின்ன சைஸ்ல ஒரு ஜோடி வேணுமாம்."

"சின்னதுன்னா?"

"பசங்க சைஸு. பசங்களயும் கப்பல்ல ஏத்தினு போயிருக்கானுங்க, சைமா. ஒம்போது வயசு, பத்து வயசு." அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. "அளவு அனுப்பல. நம்ம பாப்பா கால்ல எடுத்துக்கோ. சரியா இருக்கும்."

போன் மேஜைமேல் கிடந்தது. அது அடிக்கவே இல்லை. மழை வலுத்த அன்றைக்குப் போன சிக்னல் இன்னும் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் சைமா சொல்ல நினைத்தாள். அதற்குள் வேறொன்று அவளுக்கு உறைத்தது. வாசலில் கோழிகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து அவற்றை யாரும் விரட்டவில்லை.

தூபா சுவரோரமாக நின்றிருந்தாள்.

"பாப்பா, இங்க வா."

சின்னதாக ஓர் அடி. நிறுத்தம். இன்னோர் அடி.

சைமா இரண்டு கைகளையும் நீட்டினாள். "ஓடி வா கண்ணு. அம்மாகிட்ட ஓடி வா."

"முடியலம்மா. நீளம் பத்தல."

"இன்னா நீளம்?"

தூபா தன் இரண்டு கால்களுக்கும் நடுவில் தரையைக் காட்டினாள். அங்கே சிமெண்ட்டுத் தரையைத் தவிர ஒன்றுமில்லை. "அத்தாவுது கொஞ்சம் பெருசு," என்றாள், ஃபுர்கானின் காலைப் பார்த்து, பொறாமையாக.

சைமா அவளைக் கட்டிலில் உட்கார வைத்துப் பாவாடையை ஒதுக்கினாள். கணுக்காலுக்கு மேலே, சாக்ஸ் ரப்பர் பிடித்ததைப் போல, சுற்றிலும் ஒரு தடம். சாக்ஸ் போடுகிற வழக்கமே இல்லாத பிள்ளை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். தடம் மறையவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

"அங்க தொடாதம்மா. ஜில்லுனு கீது."

பிரித்ததை மறுபடி மூடிவிட்டால்? சைமா பழைய பட்டையைத் தேடி எடுத்தாள். செம்பட்டை முடியை அன்றைக்கே பெருக்கிக் கொட்டிவிட்டாள். தன் தலையிலிருந்து முடியைப் பிடுங்கி ஊசியில் கோத்தாள். பட்டையின் ஓரத்தில் ஊசி ஓட்டைகளே இல்லை. காயம் ஆறிய தோலைப்போல எல்லாம் மூடிக்கொண்டு, வழுவழுவென்று, வெதுவெதுப்பாக இருந்தது.

டிக். டிக்.

சத்தம் இப்போது கீழ் வளைவில் இல்லை. புளியமரத்தடியில்.

"கீழ போயிடலாங்க. வண்டிய எடுங்க. இப்பவே."

"வண்டியில ஏற கால விரிக்கணுமே, சைமா," என்றார் ஃபுர்கான், குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு ஜன்னல் வழியாக மூட்டத்தைப் பார்த்தார். "திரும்பிப் போறதுக்கு கப்பல் ஏது?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. மகளை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள். பலாமரம் வரைக்கும் தூபா தூபாவாகவே இருந்தாள். அதற்குமேல் ஒவ்வோர் அடிக்கும் கனத்தாள். உடம்பு இல்லை. கால்கள். சின்னஞ்சிறு கால்கள் இரண்டும் கல்மூட்டை கட்டியதுபோலத் தரையை நோக்கி இழுத்தன. கேட்டுக்குப் பக்கத்தில் சைமா முட்டி போட்டு விழுந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம், மூட்டத்துக்குள், ஆட்கள் வரிசையாக நிற்கும் வாடை. உப்பு. துரு. காய்ந்த கொழுப்பு. யாரோ பலவீனமாக இருமினார்கள்.

ஆளைப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. தவழ்ந்து, இழுத்து, எப்படியோ வீட்டுக்குள் வந்து கதவைத் தாழ் போட்டாள்.

டிக்.

கேட்டில்.

ஃபுர்கான் கட்டிலின் அருகே காத்திருந்தார். அவர் கையில் சின்னதாக வெட்டிய தோல் இரண்டு. ஓரம் மடித்து, பாதி தைத்து. அளவு எடுக்காமலே அளவாக. ஊசியில் நூல்கூடக் கோத்து வைத்திருந்தார்.

டிக்.

படியில்.

"ஒரு ஓரம்தான் பாக்கி. முடிச்சிடு."

"எதுக்குங்க?"

"வளையம் எப்டியும் அடிச்சிருவாங்க. அது நம்ம கையில இல்ல." அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் அவளுடைய ஃபுர்கான்தான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "தோலு இல்லன்னா பாப்பாவுக்குதான் வலிக்கும். கடிக்காம இருக்கறதுக்குத்தானே? இதுல இன்னா பாவம்?"

அவள் மனசுக்குள் ஒப்பித்த வார்த்தைகள். அவளுடைய பதில். எழுத்து மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தது.

தூபா அழவில்லை. இரண்டு கால்களையும் சேர்த்து முன்னால் நீட்டினாள், கொலுசு போடக் கொடுப்பதுபோல. தடம் சிவந்திருந்தது. ஓரிடத்தில் தோல் கிழிந்து, ரத்தம் ஊசிமுனை அளவு துளிர்த்தது.

"அம்மா, சீக்கிரம் கட்டும்மா. கடிக்குது."

கதவு திறக்கவில்லை. ஆனாலும் சத்தம் உள்ளே இருந்தது.

டிக்.

சைமா தரையில் உட்கார்ந்தாள். நீட்டிய தோலை வாங்கவில்லை. ஊசியை வாங்கவில்லை. மகளின் இரண்டு கணுக்கால்களையும் காலுக்கொரு கையாக, விரல் மேல் விரல் படரச் சுற்றிப் பிடித்தாள். ஜில்லிட்ட சதை. அடியில் குருவியின் துடிப்பு. பிறகு அவள் கைகளின்மேல், வெளியிலிருந்து, ஏதோ வந்து பொருந்தியது. வட்டமாக. கனமாக. எலும்பு வரைக்கும் குளிர்ந்து. விரல்கள் நசுங்கின. தூபாவின் முகம் மெல்லத் தெளிந்தது.

"இப்ப கடிக்கலம்மா."

தலைக்கு மேலே சுத்தியல் ஓங்கி நின்றது. ஃபுர்கான் அவள் தோளைத் தொட்டார்.

"கைய எடு, சைமா. தைச்சிடு."

"மாட்டேங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.