றஹீமா மாமியின் அறை

கழுதைகள் கோடுகளைத் தாண்டவில்லை.

பரீனா முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உப்புக்குளத்தில் அவள் ஒன்பது வயதுவரை வளர்ந்த வீட்டில் மிஞ்சியிருந்தது வெடித்த சீமெந்துத் தரை மட்டும்தான். தொண்ணூறில் இயக்கக்காரர் துப்பாக்கியோடு வந்து ஊர் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போன குடும்பம் திரும்பவேயில்லை. இப்போது ஓவியராக வந்து நின்றவள், கண்காட்சிக்காக அந்தத் தரையிலேயே வீட்டை முழு அளவில் சுண்ணாம்புத்தூளால் கீறிக்கொண்டிருந்தாள். தெருவில் திரிந்த ஐந்தாறு கழுதைகள் வெள்ளைக் கோடுகளின் முன்னால், சுவரில் முட்டியவைபோல நின்றன. பிறகு சுற்றிப்போய், வாசலுக்கென்று அவள் விட்டிருந்த இடைவெளியால் ஒவ்வொன்றாக நுழைந்தன.

ஒரே ஒரு அறைதான் மிச்சம். வாப்பாவின் தங்கை றஹீமா மாமியுடையது. மாமி பிறவியிலேயே நடக்கமாட்டாதவர். ஊரைவிட்டு வெளிக்கிட முதல்நாள் மௌத்தாகி, அடக்கப்பட்டுவிட்டார் என்றுதான் பரீனாவிடம் சொல்லியிருந்தார்கள். பின்னேர வெயில் சாய்ந்து, கடற்கரைப் பக்கமிருந்து கருவாட்டு மணத்தோடு வீசிய காற்றும் அடங்கிப்போன நேரத்தில், அவள் அந்த அறையின் நான்காவது கோட்டையும் போட்டு மூடினாள். கதவு எந்தப் பக்கம் இருந்தது என்று ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் அது மணத்தது. மாமியின் கால்களுக்கு உம்மா தேய்க்கும் வேப்பெண்ணெய்.

புத்தளத்துக்குப் போன் எடுத்தாள்.

"உம்மா, மாமிட அறைக்குக் கதவு எந்தப் பக்கம்?"

"அத ஏன் கீறுறாய்? அழிச்சிடு புள்ள."

"ஏன் உம்மா?"

"அவங்கள் நேரந் தரல்ல. தோணியிலயும் இடமில்ல எண்டாங்கள்." உம்மாவின் குரல் உடைந்தது. "அவ மௌத்தாகல்ல பரீனா. தவண்டு பின்னால வந்திருவா எண்டு நான்தான் கதவ வெளியால பூட்டினனான்."

முப்பத்தைந்து வருசம் உம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை.

மூடிய கோடுகளுக்குள் ஏதோ உரசியது. பாரமான ஒன்று சீமெந்தில் இழுபட்டு, நின்று, திரும்பவும் இழுபட்டது. கழுதைகள் வெருண்டு வாசலால் ஓடின.

பிறகு தட்டும் சத்தம். பலகையில். முழங்கால் உயரத்தில்.

அங்கே பலகையே இல்லை.

தட்டு. இடைவெளி. தட்டு.

ஓடியிருக்கலாம். அவளுக்குப் பயத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. குனிந்து, உள்ளங்கையால் சுண்ணாம்பைத் துடைத்து ஒரு கதவளவு இடம் விட்டாள். எழுந்து ஓரடி பின்னால் வைத்தாள்.

"வாங்கோ மாமி."

தட்டல் நின்றது. தூரத்துப் பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு தொடங்கியது. யாரும் வரவில்லை.

குளிர். கணுக்காலில். எண்ணெய் வழுக்கும் விரல்கள்.

பரீனா கீழே பார்த்தாள். தரையில் யாருமில்லை. அவளுடைய தோலில் ஐந்து விரல்களின் பள்ளம் மட்டும், மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தது.