பார்த்தால் மூடும் கதவு

போன் அடித்துக்கொண்டே இருந்தது...

குளிர் அறைக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் கதிரையில்.

எடுக்க வேண்டியவன் கதவுக்கு அந்தப் பக்கம், மீன் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தான். இமைகளில் வெள்ளைப் படலம். கதவின் உட்பக்கம் முழுக்க நகக் கீறல்கள்...

பெயர் ஜெஸீம். சாய்ந்தமருதில் இருந்த அந்த மீன் குளிர் அறையும், கல்முனையில் புடைவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கிய மென்பொருள் நிறுவனமும் அவனுடையவை.

அழைத்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி ஸுஹைறா.

சோறு போட்டு வைத்திருந்தாள். அது ஆறிப்போய்விட்டது.

ஜெஸீமும்தான்.

மையித்து அடக்கியாகிவிட்டது. மண் போட்டவர்களில் ஹிஷாமும் ஒருவன். ஜெஸீமின் கூட்டாளி. நிறுவனத்தின் தலைமை நிரலாளன்.

இன்ஸ்பெக்டர் புண்ணியமூர்த்தி அலுவலகத்துக்கு வந்தபோது, அவனே கதிரை இழுத்துப் போட்டான். தேத்தண்ணி வரவழைத்தான்.

தானாக மூடிப் பூட்டும் அந்தக் குளிர் அறைக் கதவு ஜெஸீமின் நிறுவனம் எழுதிய நிரலுக்குக் கட்டுப்பட்டது. உள்ளிருந்து திறக்கும் பொத்தானும் அப்படியே. ஜெஸீம் செத்த அன்று பகல், வீட்டிலிருந்த ஸுஹைறாவின் போன் நிரல் வழியாகக் கதவைத் தொட்டிருக்கிறது. தொட்ட அதே கணத்தில் கதவு பூட்டிக்கொண்டது. பதிவு அப்படித்தான் சொன்னது.

புருசனை இழந்து வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டியவளைப் பொலிஸ் நிலையத்தில் இருத்தி வைத்திருந்தார்கள்.

“பாத்த மட்டுந்தானாம். பூட்டல்லயாம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஹிஷாம் பெருமூச்சு விட்டான். பொறுமையாக விளக்கினான். ஒரு நிரலில் கதவு, விளக்கு என்று எந்தப் பொருளிடமும் இரண்டு வேலைதான் வாங்கலாம். அதன் நிலையைக் கேட்கலாம், அல்லது மாற்றலாம். உலகம் அவற்றுக்கு கெட், செட் என்று பெயர் வைக்கிறது. ஜெஸீம் தமிழில் வைத்தான். கேட்பதற்கு ‘பாரு’. மாற்றுவதற்கு ‘வை’. தட்டெழுதுவதென்னவோ ஆங்கில எழுத்தில்தான்.

“‘பாரு’ண்டு பேர் வச்சா அது பாக்க மட்டுந்தான் வேணும் சேர். ஒண்டையும் தொடப்படாது. அதான் எங்கட சட்டம்.”

“அப்ப அவ பொய் சொல்லுறாவா?”

“எனக்கென்ன தெரியும் சேர்? புருசன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இரிக்கும்...”

தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

ஸுஹைறா பொய் சொல்லவில்லை. அது அவனுக்குத் தெரியும்!

ஒரு காலத்தில் அவளை அவனுக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள். அவள்தான் வேண்டாம் என்றாள். ஜெஸீமைக் கட்டினாள்.

ஜெஸீம் பகலில் குளிர் அறைக்குள் போய்ப் பார்ப்பான். கதவு திறந்தே கிடக்கும். வீட்டிலிருந்து ஸுஹைறா போனில் ‘கதவைப் பாரு’ என்பதைத் தட்டுவாள். திறந்திருந்தால் புருசன் உள்ளே. மூடியிருந்தால் வீட்டுக்கு வருகிறான், சோறு போடலாம்.

அந்தப் ‘பாரு’வுக்குள் ஹிஷாம் ஒரு ‘வை’யை ஒளித்து வைத்தான்.

அவள் கேட்டாள். கதவு பூட்டிக்கொண்டது. பிறகு உண்மையைச் சொன்னது.

மூடியிருக்கிறது.

அவள் சோறு போட்டாள்...

அவள் புருசனை அவள் கையாலேயே! அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனை பாடும். அவள் சிறைக்குப் போக வேண்டும். ஒருவேளை நிரலைத் தோண்டினால்? பழி போட அதற்கும் ஒரு ஆளை வைத்திருந்தான்.

“நிரலையும் ஆள் வச்சுப் பாத்தம்” என்றார் இன்ஸ்பெக்டர். “‘பாரு’வுக்குள்ள ஒரு ‘வை’ இருக்கு தம்பி.”

ஹிஷாம் திடுக்கிட்டான். நன்றாகவே திடுக்கிட்டான், வீட்டில் பழகியிருந்தான்.

“ஆர்ட பேர்ல ஏறியிரிக்கி?”

“றுஸ்தா.”

றுஸ்தாவைக் கூப்பிட்டார்கள். மூலை மேசையில் நிரல் எழுதுபவள். சத்தமாக ஒரு வார்த்தை பேசியறியாதவள். முகத்தில் பருக்கள். வந்து சுவரோரம் நின்றாள்.

“ஏன் பிள்ள இப்பிடிச் செஞ்ச?” ஹிஷாமின் குரல் தழுதழுத்தது. பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். “பேர வச்சிரிக்கிற விதத்தப் பாருங்க சேர். ‘பாரு’வுக்கு நாங்க எல்லாரும் இங்கிலீஸ்ல ரெண்டு ஏ போடுற. இவ மட்டுந்தான் ஒண்டு. வாசிச்சா என்ன வரும்? பரு!”

அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். எல்லாருக்கும் முன்னால், ஒரு கூட்டத்தில், இதே பகிடியை விட்டுத்தான் அவளுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டினான். அலுவலகமே சிரித்தது. அன்றிலிருந்து றுஸ்தா இல்லை. பரு.

“அது பழசு சேர்” என்றாள் றுஸ்தா.

“என்ன?” என்றான் ஹிஷாம்.

“நீங்க சிரிச்ச அண்டைக்கே எல்லாத்தையும் மாத்திட்டன். எண்ட நிரல்ல ஒரு இடத்திலயும் இப்ப ஒத்தை ஏ இல்ல.” குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. “மாத்தினத எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. நீங்க மட்டும் எடுக்கல்ல. பருட நிரல என்னத்துக்குப் பாக்கணும் எண்டு செல்லிச் சிரிச்சீங்க.”

ஹிஷாம் தன் மெசின் பக்கம் திரும்பிப் பார்த்தான்...

அவனிடம் இருந்தது பழைய பிரதி. அதற்குள்தான் எழுதினான். அதையே அவள் பெயரில் நுழைந்து, அவளுடைய புதியதன் மேல் ஏற்றினான்.

“மாத்தின பரு கொலை நடக்க முந்தின நாள் திரும்பி முளைச்சிருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர். “காலையில நீங்க வர முதல் எல்லா மெசினையும் துறந்து பாத்தம். ஒத்தை ஏ ஒரு மெசின்லதான் மிச்சம். அந்த வரிகளை எழுதி, அழிச்ச தடமும் அதிலதான்.”

தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது.

பொலிஸ் நிலையத்தில் ஸுஹைறாவை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை உடுப்பில், கூண்டைக் கடந்து போனாள்.

“ஸுஹைறா” என்றான் ஹிஷாம், கம்பிகளுக்குள்ளிருந்து. மெதுவாக. “என்னைப் பிடிச்சாலும், அமத்தினது உன்ட விரல்தான்.”

அவள் நின்றாள். தன் வலது கையைப் பார்த்தாள். அதை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள்.

அவனுக்கு அது போதுமாயிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு.

பிறகு புண்ணியமூர்த்தி பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“சேர்... இந்தக் கதவ எப்ப துறப்பீங்க?”

“பாப்பம்” என்றார் அவர். “பாக்க மட்டுந்தான் செய்வம். தொட மாட்டம். அதானே தம்பி உங்கட சட்டம்?”